ஆர்.ஐ. சாருக்கு அப்புறம்

ஆசிரியருக்கு வணக்கம். தமிழக அரசு ஓய்வு வயதை 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியது. அந்த இரண்டு வருடமும் சேர்த்து வேலை பார்த்தவன் நான். வருவாய் ஆய்வாளர் என்பதால் ஊருக்கே 'ஆர்.ஐ. சார்'. ஓய்வு பெற்ற மறுவாரமும் காலை எட்டரைக்கே சட்டைப் பையில் பேனாவைச் செருகிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். போக இடமில்லை.

அப்புறம்தான் கண்மாய்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தேன். அதுவரை அது எனக்கு வெறும் சர்வே எண். இப்போது நத்தைகுத்தி நாரை சேற்றுக்குள் அலகை விட்டு நத்தையை எடுப்பதையும், நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதையும் மணிக்கணக்கில் பார்க்கிறேன். இப்படி ஒருவன் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

பென்ஷன் படிவம் நிரப்பச் சொல்லும் துறை, 'இனி என்ன செய்யப்போகிறீர்கள்?' என்றும் ஒருநாள் உட்காரவைத்துக் கேட்கலாமே.

– ஓய்வு பெற்ற வருவாய் ஆய்வாளர், சிவகங்கை மாவட்டம்