அந்த இரண்டு வருடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் உன்னுடைய ஒரு வரியில் வந்து நின்றுவிடுகிறேன். கஷ்டப்படும் மருத்துவர்களுக்கு உதவும் நிதிக் குழு ஒன்றில் இருக்கிறேன் என்று போன தடவை எழுதியிருந்தேன். அதற்கு நீ, "டாக்டருக்குப் போய் யாராவது தர்மம் கொடுப்பார்களா? ரிடையர் ஆனதும் உனக்கு வேறு வேலை கிடைக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறாய். கோபம் வரவில்லை. ஒரு காலத்தில் நானும் இதையேதான் கேட்டிருப்பேன்.

முதலில் வீட்டுச் செய்திகள். முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் முனகுகிறது. மகள் ஒருவழியாக ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டாள். நீ அனுப்பிய விடுதிப் புகைப்படத்தில் அத்தனை முடியோடு நிற்பது நான்தான் என்று பேரனை நம்பவைக்க முடியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு வரும் விண்ணப்பங்களில் ஊதாரிகள் ரொம்பக் குறைவு. கை நடுக்கம் வந்து கத்தியைக் கீழே வைத்த சர்ஜன், மணவிலக்குக்குப் பிறகு இரண்டு குழந்தைகளோடு பாதி நேர வேலை பார்க்கும் பெண் மருத்துவர், கிளினிக் கடனை விட்டுவிட்டுக் கணவர் போய்ச்சேர்ந்த வீடு, இப்படித்தான் வரும். புகார் விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே என்று நிறுத்தி வைக்கப்பட்டவர்களும் உண்டு. கடைசியில் குற்றமில்லை என்று தீர்ப்பு வரலாம், ஆனால் அதுவரை ஓடிய மாதங்களுக்கு யார் பொறுப்பு? சொந்த நாட்டில் துறைத் தலைவராக இருந்துவிட்டுப் போரில் தப்பி வந்தவர்கள் நிலை இன்னும் மோசம். புது நாட்டில் மொழித் தேர்வு, தொழில் தேர்வு எல்லாம் முடிக்கும்வரை ஸ்டெதாஸ்கோப்பைத் தொட முடியாது, தேர்வுக் கட்டணத்துக்கோ கையில் காசு இருக்காது.

கணக்கு எளிதுதான். டாக்டர்களான நாம் சம்பாதிக்க ஆரம்பிப்பதே மற்றவர்களைவிடப் பல வருடம் தாமதம். படிப்புக் கடனோடு தொடங்கி, அதன்மேல் வீட்டுக் கடன், கருவிக் கடன் என்று ஏற்றிக்கொள்கிறோம். தனியாகப் பிராக்டிஸ் செய்பவனுக்கு வேலை இல்லையென்றால் வருமானமும் இல்லை. வருமானம் ஒரே நாளில் நிற்கும், தவணைகள் நிற்காது.

இது புதிய சங்கதியும் இல்லை. லண்டனில் மருத்துவர்களின் விதவைகளுக்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் என்று ஒரு சங்கத்தை 1788-லேயே தொடங்கிவிட்டார்கள். இன்றைக்கும் நடக்கிற ராயல் மெடிக்கல் பெனவலன்ட் ஃபண்ட் 1836-இல் வந்தது. 1855-இல் திறந்த எப்சம் கல்லூரியின் கதை எனக்குப் பிடித்தது. நொடித்துப்போன வயதான மருத்துவர்களுக்குத் தங்குமிடம், இறந்துபோன மருத்துவர்களின் பையன்களுக்குப் பள்ளிக்கூடம், இரண்டும் ஒரே வளாகத்தில். இப்போது அது பெரிய தனியார் பள்ளி. எதற்காகக் கட்டினார்கள் என்று அங்கே படிக்கிற பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியுமோ. குடும்ப மருத்துவர்களுக்கு மட்டும் என்று கேமரன் ஃபண்ட் 1970-இல் வந்தது. ஆக, டாக்டர் என்றால் பணக்காரர் என்ற பேச்சை டாக்டர்கள் அந்தக் காலத்திலேயே நம்பவில்லை. நோயாளிகள் நம்பினார்கள். அப்புறம் நீயும்.

இனி எழுதப்போவதை உனக்கு இதுவரை சொன்னதில்லை.

நாற்பத்தொன்றாவது வயதில் இரண்டு வருடம் உன் கடிதங்களுக்கு நான் பதில் போடவில்லை. வேலை அதிகம் என்று பிற்பாடு ஒரு பொய் சொன்னேன், நீயும் நம்பினாய். உண்மையில் அப்போது வேலையே இல்லை. கழுத்தில் வட்டு விலகி நரம்பை அழுத்தியதில் வலது கை மரத்துப்போனது. தையல் போடும்போது ஊசி விரலில் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. நல்லவேளை, நோயாளிக்கு ஒன்றும் ஆவதற்குள் நிறுத்திக்கொண்டேன். வருமானக் காப்பீடு எதுவும் எடுத்திருக்கவில்லை. நோயாளிகளிடம் இன்ஷூரன்ஸ் எடுத்தீர்களா என்று தினமும் கேட்டவன் நான்! சேமிப்பு எட்டு மாதம் தாங்கியது. காரை விற்றேன், பிறகு மனைவியின் வளையல்கள் போயின.

நிதி ஒன்று இருப்பதை என் பழைய பேராசிரியர்தான் சொன்னார். விண்ணப்பத்தை வாங்கி வந்து நான்கு மாதம் மேசை டிராயரில் பூட்டி வைத்திருந்தேன். அந்த நான்கு மாதத்தில்தான் கடன் கைமீறிப் போனது. வரவு செலவு, வங்கிக் கணக்கு, யாருக்கு எவ்வளவு பாக்கி என்று எல்லாவற்றையும் அதில் எழுத வேண்டும். ஆயிரம் பேரிடம் "சட்டையைக் கழற்றுங்கள்" என்று சொன்னவனுக்கு இதைக் கழற்ற முடியவில்லை. கடைசியில் என் மனைவிதான் நிரப்பினாள், நான் கையெழுத்து மட்டும் போட்டேன், அதுவும் இடது கையால்.

நிதியின் சார்பில் எங்களைப் பார்க்க வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு மருத்துவர். பணத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசவே இல்லை. தூங்குகிறீர்களா, மாத்திரை ஏதும் நீங்களாகவே எழுதிச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். அதை நிறுத்த வைத்து, மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினார். அரசிடமிருந்து வர வேண்டிய ஒரு சலுகையை நாங்கள் கேட்காமலே விட்டிருந்ததையும் அவர்தான் கண்டுபிடித்தார். நிதியிலிருந்து மாதாமாதம் குடும்பச் செலவுக்கு ஒரு தொகை வந்தது. கடனை அவர்கள் அடைக்கவில்லை. கொடுத்தவர்கள் பணம் வங்கிக்குப் போய்ச் சேர்வதில் என்ன நியாயம், அதுவும் சரிதான். ஆனால் வங்கியோடு உட்கார்ந்து தவணையைக் குறைக்க வைத்தார்கள். கத்தி பிடிக்காத வேலைக்கு மாற ஒரு பயிற்சி வேண்டியிருந்தது, அதற்கும் கட்டணம் கட்டினார்கள். பின்னாளில் நான் எக்ஸ்ரே படம் பார்க்கும் வேலைக்கு மாறியதை "சோம்பேறித்தனம்" என்று கிண்டல் செய்தாயே, அது இப்படி வந்ததுதான்.

அந்த 1788 சங்கத்தில் அந்தக் காலத்தில் சந்தா கட்டிய உறுப்பினர் குடும்பத்துக்குத்தான் உதவி. முதலில் படித்தபோது கல்மனசுக்காரர்கள் என்று தோன்றியது. இப்போது அதில் ஒரு நுட்பம் தெரிகிறது. சந்தா கட்டியவன் வீட்டார் கை நீட்டும்போது தலை குனிய வேண்டாம், அது அவர்களுடைய பணம். என்ன, கட்டாதவன் வீடு என்ன ஆவது என்ற கேள்வி அப்படியே நிற்கும். குழுவில் நான் இதற்காகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். வேலைக்குச் சேரும் முதல் மாதமே இளம் மருத்துவர்களிடம் சிறு தொகை வாங்கி வைப்போம், கட்டாதவர்களுக்கும் கதவைத் திறந்தே வைப்போம் என்கிறேன். இரண்டையும் ஒரே பையில் போட முடியாது என்கிறார் எங்கள் பொருளாளர். நல்ல மனிதர்தான். அடுத்த கூட்டத்திலும் சண்டை உண்டு.

இவ்வளவையும் இப்போது எழுதக் காரணம் உன் கடிதத்தின் கடைசிப் பக்கம். உன் துறையில் மயக்க மருந்து கொடுக்கும் அந்தப் பையன் அடிக்கடி லீவு போடுகிறான், காரை விற்றுவிட்டுப் பஸ்ஸில் வருகிறான், யாரோடும் சாப்பிட உட்காருவதில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருந்தாய். "ஏதோ காதல் தோல்வி போல" என்று வேறு போட்டிருக்கிறாய். இருக்கலாம். ஆனாலும் ஒருமுறை அவன் வீட்டுக்குப் போய்ப் பார். போன் செய்யாதே, எடுத்தால் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வான். பணத்தைப் பற்றி முதலில் பேசாதே. தூங்குகிறானா என்று கேள். மயக்க மருந்து அவன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேச்சு ஒருமாதிரி இருந்தால் அன்றைக்கே அவனை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போ, தனியாக விட்டுவிட்டு வராதே.

இந்த உறையிலேயே ஒரு விண்ணப்பத்தாள் வைத்திருக்கிறேன். அவன் டிராயரில் வைத்துப் பூட்டப் பார்த்தால், நீயே பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பு. உன் கையெழுத்து யாருக்கும் புரியாது, அதனால் பெரிய எழுத்தில்.

உன் பழைய அறைத்தோழன்