கூட்டத்தைப் பார்

அன்புள்ள மல்லிகா,

கடிதம் கிடைத்தது. மகனுக்கு வேலை கிடைத்ததில் ரொம்பச் சந்தோஷம். நாங்கள் இங்கே சிங்கப்பூரிலேயே ஈசூனுக்கு வீடு மாறிவிட்டோம். தேக்கா மார்க்கெட் தூரமாகிவிட்டதென்று மாமியாருக்குத்தான் ஓயாத குறை.

மாணவிகளுக்குச் சொல்ல ஒரு கேஸ் கேட்டிருந்தாயே, மீக்ஸ் சிண்ட்ரோமை எடுத்துக்கொள். சினைப்பையில் ஃபைப்ரோமா என்ற புற்றல்லாத நார்க்கட்டி, வயிற்றில் நீர், நெஞ்சிலும் நீர், அதுவும் பெரும்பாலும் வலப்பக்கம். சினைப்பைப் புற்றைச் சந்தேகிக்க வைக்கும் சிஏ-125 வேறு ரத்தத்தில் ஏறியிருக்கலாம். ஸ்கேனைப் பார்த்தால் முற்றிய புற்றுநோய் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் கட்டியை எடுத்தால் நீர் தானாக வற்றிவிடும். மீக்ஸ், காஸ் என்ற இரண்டு டாக்டர்கள் 1937-லேயே ஏழு பேரைப் பற்றி எழுதிவிட்டார்கள்.

சினைப்பைக் கட்டியில் ஊசி குத்திச் செல் எடுக்க டாக்டர்கள் தயங்குவார்கள்; புற்றாக இருந்தால் வயிற்றுக்குள் சிந்திவிடும். அதனால் செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் நம் மேசைக்கு வருவது நீர்தான். அதிலுள்ள மீசோதீலியச் செல்கள், அதாவது வயிறு, நெஞ்சின் உள்சவ்வுச் செல்கள், சில சமயம் நன்றாக மிரட்டும்: கொத்துக் கொத்தாக, இரண்டு மூன்று நியூக்ளியஸோடு, அதற்குள்ளிருக்கும் நியூக்ளியோலஸ் என்ற புள்ளி பளிச்சென்று. புதுப் பிள்ளைகளுக்கு உடனே 'அடினோகார்சினோமா' என்று, அதாவது சுரப்பித் திசுப் புற்று என்று, எழுதக் கை துறுதுறுக்கும். ஒரு செல்லையே முறைத்துக்கொண்டிருக்காதே, கூட்டத்தைப் பார் என்பேன். சாதாரணச் செல்லிலிருந்து அந்த விகாரமான செல் வரை நடுவிலுள்ள எல்லாப் படிகளும் தெரிந்தால், பெரும்பாலும் ஒரே குடும்பம்தான். புற்றென்றால் கல்யாணப் பந்தியில் இரு வீட்டாருக்கும் ஒட்டாத ஆள் மாதிரி தனியாகத் தெரியும். பக்கத்துப் பக்கத்துச் செல்களுக்கு நடுவே ஜன்னல் போல இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்; அது மீசோதீலியத்தின் அடையாளம். சந்தேகம் தீரவில்லையென்றால் செல் பிளாக் போட, அதாவது நீரிலுள்ள செல்களைத் திரட்டி மெழுகில் பதித்துச் சீவிப் பார்க்க, வேண்டியதுதான். அதில் சில புரதங்களுக்கான நிறச் சோதனை செய்தால், மீசோதீலியம் கால்ரெட்டினினுக்கு நிறமேறும், கிளாடின்-4-க்கு ஏறாது.

இத்தனைக்குப் பிறகும் நாம் எழுதக்கூடியது, 'இந்த நீரில் புற்றுச் செல்கள் தென்படவில்லை' என்பது மட்டுமே. கட்டி நல்லதா கெட்டதா என்று நீர் சொல்லாது. செல்களை உதிர்க்காத புற்றும் உண்டு. சர்ஜன்கள் போனில் "ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்பார்கள், நான் மசிவதில்லை. ஆபரேஷன் நடக்கும்போதே கட்டியை உறையவைத்துச் சீவிப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷனில் ஃபைப்ரோமா என்று தெரிந்தால் கட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். சின்ன வயதுப் பெண்ணுக்குக் கருப்பை மிஞ்சும் விஷயமாயிற்றே!

பெயர், எண் நீக்கிய ஸ்லைடு படங்களை மெயிலில் அனுப்புகிறேன். அடுத்த கடிதத்தில் பிரென்னர் கட்டி என்ற இன்னொரு சினைப்பைக் கட்டி. அதிலுள்ள காப்பிக்கொட்டை போல நடுவில் கோடு விழுந்த நியூக்ளியஸைக் கண்டதும், அதே அடையாளமுள்ள கிரானுலோசா செல் கட்டி என்று குதிப்பவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள்.

அன்புடன்,
கலா