வரி பாக்கிக்கு நல்ல ஆளைக் காட்டுங்கள்: நம் ஊர் வணிகர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர் அண்ணன்மார்களுக்கு வணக்கம்.

மே 5 வணிகர் தின மாநாடு என்றால் கடைகடையாக ஏறி ஆள் சேர்த்து வேன் பிடிக்கும் சங்கம் நம்முடையது. ஜிஎஸ்டி பாக்கி விஷயத்தில் மட்டும் அந்தச் சுறுசுறுப்பைக் காணோம். பேங்க் கணக்கு முடங்கி, சரக்குக்குக் கொடுத்த செக் திரும்பிய பிறகு உறுப்பினர் உங்களிடம் ஓடி வருகிறார், நீங்களும் "ஆபீசரைப் பார்த்துப் பேசலாம்" என்கிறீர்கள். பேசி என்ன ஆகும்? பாக்கியைக் கட்டச் சொல்லிப் போட்ட ஆர்டரை அந்த அதிகாரியே நினைத்தாலும் வாய்வார்த்தையில் ரத்து செய்ய முடியாது.

நோட்டீஸ் வந்ததே பலருக்குத் தெரிவதில்லை. ஜிஎஸ்டி போர்ட்டலில் 'அடிஷனல் நோட்டீசஸ்' என்று ஒரு மூலையில் ஏற்றிவிடுகிறார்கள், மெயிலும் எஸ்எம்எஸ்ஸும் என்றைக்கோ ஜிஎஸ்டி பதிவு எடுத்துக் கொடுத்தவரின் நம்பருக்குப் போகும். மாதாமாதம் ரிட்டர்ன் (வரிக் கணக்கு) போடுபவரைக் கேட்டால் அதற்கு மட்டும்தானே காசு வாங்கினேன் என்பார், அதுவும் நியாயம்தான். இப்படிப் பதிலே போகாமல் ஒருதலையாகப் போட்ட ஆர்டர்கள் எத்தனையோ சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், தகராறில் உள்ள வரியில் 10 சதவீதம், சில வழக்குகளில் 25 சதவீதம் கட்டச் சொல்லி மறு விசாரணைக்குத் திரும்பியிருக்கின்றன. மளிகைக் கடைக்காரர் எல்லாரும் ஹைகோர்ட் படி ஏற முடியுமா, சொல்லுங்கள்.

விஷயம் தெரிந்த ஒரு வரி வக்கீலோ சார்ட்டர்ட் அக்கவுண்டன்டோ நேரத்துக்குப் பார்த்தால் அவ்வளவு தூரம் போகவே வேண்டாம். ஆர்டர் வந்த 3 மாதத்துக்குள் அப்பீல் போட வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் 1 மாதம், அதையும் தாண்டினால் ஏற்றுக்கொள்ள அப்பீல் அதிகாரிக்கே அதிகாரம் இல்லை. தகராறு வரியில் 10 சதவீதம் கட்டி அப்பீல் போட்டால் மீதி வசூல் தானாக நின்றுவிடும். சரி, பாக்கி உண்மைதான் என்றால்? டிஆர்சி-20 படிவம் போட்டுத் தவணை கேட்கலாம், அதிகபட்சம் 24 மாதம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு தவணை தவறினாலும் மிச்சம் மொத்தத்தையும் உடனே கட்ட வேண்டும், நம் ரிட்டர்னில் நாமே காட்டிவிட்டுக் கட்டாத வரிக்கு இந்தச் சலுகையே கிடையாது. இதையெல்லாம் முதல் நாளே சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

2017-18 முதல் 2019-20 வரையிலான பாக்கியில், மோசடிக் குற்றச்சாட்டு இல்லாத டிமாண்டுகளுக்கு (கட்டச் சொல்லிக் கேட்ட தொகைகளுக்கு), 2025 மார்ச் 31க்குள் வரியை மட்டும் கட்டினால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி என்று ஒரு வாய்ப்பு வந்து போனது. நம் வாட்ஸ்அப் குரூப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை வந்ததா? குட்மார்னிங் படம்தான் வந்தது.

அந்த இடத்தில்தான் புரோக்கர் நுழைகிறான். "உள்ளே ஆள் இருக்கு, பாதியில் முடிச்சுத் தர்றேன்" என்பான். வரி கட்டுவது நம் ஜிஎஸ்டி எண்ணில், சலான் வழியாக மட்டும்தான், கையில் ரொக்கமாகக் கேட்டால் அது வரிக்குப் போகாது என்று சங்க போர்டில் எழுதிப் போடுங்கள்.

அப்புறம், கேட்பது இவ்வளவுதான். அப்பீல் வேலையில் பழக்கமுள்ள இரண்டு மூன்று பேரைப் பேசி, மாதம் ஒரு நாள் சங்கக் கட்டடத்தில் உட்காரச் சொல்லுங்கள். எந்த வேலைக்கு என்ன பீஸ் என்று வெளிப்படையாக ஒட்டுங்கள். அன்றைக்கே உறுப்பினர்கள் அவரவர் போர்ட்டலை அவர்கள் முன்னால் திறந்து நோட்டீஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். சந்தா கொஞ்சம் கூடினாலும் கொடுக்கிறோம், இல்லை ஆண்டு விழாப் பந்தல் செலவைக் குறைத்தாலும் சரி. அடுத்த பொதுக்குழுவில் இதை முதல் தீர்மானமாக வையுங்கள், வழிமொழிய நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
கடைவீதி உறுப்பினர் ஒருவர்