நீரிழிவுள்ள மாணவர்கள் வகுப்பறையிலேயே தங்களைக் கவனித்துக்கொள்ள அனுமதி கோரும் மனு

மாகாணக் கல்விப் பணிப்பாளர்,
கிழக்கு மாகாணக் கல்வித் திணைக்களம்,
திருகோணமலை.

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

நான் உப்புவெளியில் வசிக்கும் ஒரு தாய். தரம் 7இல் படிக்கும் என் மகளுக்கு முதலாம் வகை நீரிழிவு. கிளினிக்கில் சந்தித்துப் பழகிய வேறு சில பெற்றோரும் நானும் சேர்ந்தே இந்த மனுவைத் தருகிறோம்.

இது பெரியவர்களுக்கு வருகிற சீனி வருத்தம் போன்றதல்ல. இனிப்புச் சாப்பிட்டு வந்ததும் அல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழித்துவிடுவதால் வருவது. குளிசையால் சரிவராது, ஒவ்வொரு நாளும் ஊசி போட்டே ஆகவேண்டும். 1922இல் முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டதே 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத்தான். அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகளைக் காப்பாற்ற வழியே இருக்கவில்லை. இன்று மருந்து இருக்கிறது, பிள்ளைகளும் அதைக் கையாளப் பழகிவிட்டார்கள். பாடசாலை வாசலுக்குள் போனதும்தான் அவர்களுடைய கைகள் கட்டப்படுகின்றன.

இரத்தத்தில் சீனியின் அளவு பார்க்க என் மகள் விரல் நுனியின் நடுவில் குத்தமாட்டாள், பேனை பிடிக்கும்போது நோகும் என்று ஓரத்தில்தான் குத்துவாள். ஒரு துளி இரத்தம் குளுக்கோமீட்டரின் ஸ்ட்ரிப்பில் பட்டால் சில வினாடிகளில் அளவு தெரிந்துவிடும். அது 70 mg/dLக்குக் கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

சென்ற தவணையில் கணித பாடம் நடக்கும்போது அவளுக்குக் கை நடுங்கி வியர்த்திருக்கிறது. பையிலிருந்து குளுக்கோஸை எடுத்தபோது, "வகுப்பில ஒண்டும் சாப்பிடக்கூடாது, இன்ரேவல் வரைக்கும் பொறுங்கோ" என்று சொல்லப்பட்டது. இடைவேளை மணி அடித்தபோது அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. அந்த ஆசிரியையில் எனக்குக் கோபமில்லை, அவருக்கு இதைப் பற்றி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து என் பிள்ளை மலசலகூடத்துக்குள் ஒளிந்து நின்றுதான் இரத்தம் பார்க்கிறாள். சுத்தமான கையோடு செய்ய வேண்டிய வேலை அது.

ஆகவே, இருந்த இடத்திலேயே இரத்தம் பார்க்கவும், தேவைப்பட்ட நேரத்தில் குளுக்கோஸோ உணவோ எடுக்கவும், வைத்தியர் சொன்னபடி ஊசி போடவும் இந்தப் பிள்ளைகளுக்கு அனுமதியளித்து எல்லாப் பாடசாலைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். சீனி கூடினால் தாகமும் சிறுநீரும் அடிக்கடி வரும். அப்போது தண்ணீர்ப் போத்தலுக்கும் வெளியே போவதற்கும் தடை இருக்கக்கூடாது. ஊசி போடும் பொறுப்பை ஆசிரியர்கள் தலையில் கட்டச் சொல்லவில்லை. சீனி குறைவதன் அறிகுறிகள் தெரிந்திருந்தால் போதும். அப்படியான பிள்ளையைத் தனியாக எங்கும் அனுப்பக்கூடாது, மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். ஒரு பிற்பகல் போதும் இதைச் சொல்லிக்கொடுக்க. பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் உதவியோடு அதை ஒழுங்குசெய்யலாம்.

விளையாட்டுப் பயிற்சியிலிருந்தும் இவர்களை ஒதுக்க வேண்டாம். ஓடுவதற்கு முன் அளவு பார்த்து, தேவையென்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு ஓடலாம். பாவம் பார்த்து உட்கார வைப்பதைப் பிள்ளைகள் தண்டனையாகத்தான் எடுக்கிறார்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் புத்தகப் பைக்குள் இருக்கும் இன்சுலின் சூட்டில் பழுதாகிவிடும். அதை அதிபர் அலுவலகத்தில் குளிர்ச்சியான ஓரிடத்தில் வைக்க இடம் தாருங்கள், உறைபெட்டிக்குள் மட்டும் வேண்டாம். உறைந்த இன்சுலினைப் பாவிக்க முடியாது.

தேசியப் பரீட்சைகள் பரீட்சைத் திணைக்களத்தின் கையில் இருப்பது தெரியும். ஆனாலும் தவணைப் பரீட்சை மண்டபத்துக்குள் குளுக்கோமீட்டரும் குளுக்கோஸும் கொண்டுபோகும் அனுமதியைத் தங்களால் தர முடியும். அடுத்த தவணை தொடங்குமுன் இந்தச் சுற்றறிக்கை எங்கள் பாடசாலைகளுக்கு வந்து சேர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். நேரில் வந்து விளக்கச் சொன்னால் பெற்றோரும் பிள்ளைகளும் வரத் தயார்.

இங்ஙனம்,
நீரிழிவுள்ள பிள்ளைகளின் பெற்றோர் சார்பாக,
ஒரு தாய்,
உப்புவெளி, திருகோணமலை.

பிரதி: பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர், திருகோணமலை.