அச்சடித்தது எத்தனை, மிஞ்சியது எத்தனை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய அமெரிக்க நாணயங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். ஆனால் வயதையும் அச்சடித்த எண்ணிக்கையையும் மட்டும் வைத்து விலை சொல்லியிருப்பது வாசகர்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். இது என் பல வருட ஈடுபாடு என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கட்டுரையில் படம் போட்டிருந்த 1921ஆம் வருட மார்கன் வெள்ளி டாலரையே எடுத்துக்கொள்வோம் (மார்கன் என்பது அதை வடிவமைத்தவரின் பெயர்). நூறு வயது தாண்டியதுதான். ஆனால் அந்த ஒரு வருடத்தில் பிலடெல்பியாவில் மட்டும் 4 கோடிக்கு மேல் அடித்தார்கள். தேய்ந்த காசென்றால் அதிலுள்ள சுமார் 24 கிராம் சுத்த வெள்ளிக்கு என்ன விலையோ, அதற்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும், அவ்வளவுதான். அதே மார்கன் டாலர் 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்ததாக இருந்தால், தேய்ந்திருந்தாலும் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். அடித்தது ஒரு லட்சம்தான். ஆகவே முதலில் காசைத் திருப்பி, கழுகுக்கும் இலைமாலைக்கும் கீழே, எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் எழுத்து (சான் பிரான்சிஸ்கோவுக்கு ‘எஸ்’, பிலடெல்பியாவுக்கு எழுத்தே இல்லை) இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அச்சு எண்ணிக்கையும் முழுக் கதையைச் சொல்லாது. 1918இல், முதல் உலகப் போரின்போது, இந்தியாவில் மக்கள் நோட்டைக் கொடுத்து வெள்ளி ரூபாய் கேட்டு நெருக்க, பிரிட்டிஷ் அரசின் வெள்ளிக் கையிருப்பு வற்றிப்போனது. அமெரிக்கா பிட்மன் சட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்து 27 கோடிக்கு மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. அதில் பெரும்பகுதி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு, நம் ரூபாய்க்கான வெள்ளியாக இந்தியா வந்தது. எந்த வருடக் காசு எத்தனை உருகியது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. அதனால்தான் லட்சக்கணக்கில் அடித்த காசுகூடச் சில வருடங்களுக்கு அரிதாக இருக்கிறது.

இதற்கு நேர்மாறாகவும் நடந்ததுண்டு. நியூ ஆர்லியன்ஸில் 1903இல் 44 லட்சத்துக்கு மேல் அடித்த டாலர், கண்ணில் படாததால் பெரும் அரிய காசாகக் கருதப்பட்டு, புழக்கத்துக்குப் போகாத நிலையில் 1,500 டாலர் விலை போனது. 1962 கடைசியில் அரசுக் கருவூலத்திலிருந்து மூட்டை மூட்டையாக அது வெளியே வந்ததும் விலை மளமளவென்று சரிந்தது.

அடுத்தது தரம். 1 முதல் 70 வரை மதிப்பெண் போடும் ஷெல்டன் அளவுகோலைத்தான் இன்று அமெரிக்காவில் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். மார்கன் டாலரில் லிபர்ட்டி தேவியின் காதுக்கு மேலுள்ள முடியும் கழுகின் மார்பு இறகும்தான் முதலில் தேயும். லென்ஸ் வைத்து அங்கே பாருங்கள். வீட்டிலிருக்கும் காசைப் புளியாலும் விபூதியாலும் பளபளக்கத் தேய்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. குத்துவிளக்குக்கு அது சரி. காசில் மெல்லிய கீறல்கள் விழுந்து, அச்சடிக்கும்போதே உண்டான ஒளி போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது. சேகரிப்போர் கொடுக்கும் விலையும் பெருமளவு குறைந்துவிடும். கறுத்திருந்தால் கறுத்தபடியே விடுங்கள் என்று கட்டுரையில் ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.

போலிகளும் ஏராளம். பிலடெல்பியாவில் அடித்த, எழுத்தில்லாத 1893 காசில் ‘எஸ்’ எழுத்தை ஒட்டி விற்பவர்கள் உண்டு. உண்மையான சான் பிரான்சிஸ்கோ காசில், லிபர்ட்டி என்ற சொல்லின் ‘டி’ எழுத்தின் மேற்பகுதியில் சாய்வாக ஒரு சின்னக் கோடு மேலெழும்பி இருக்கும். மிகவும் தேய்ந்த காசில் அது மங்கியிருக்கலாம், அப்போது நிபுணரிடம்தான் போக வேண்டும். எடையும் பாருங்கள். தேயாத மார்கன் டாலர் 26.73 கிராம், காந்தத்தில் ஒட்டாது.

இணையத்தில் விற்பவர் கேட்கும் விலையை மதிப்பாக எடுத்துக்கொள்ளாமல், ஏலத்தில் உண்மையில் விற்று முடிந்த விலையைப் பார்க்கச் சொல்லி அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நன்றாயிருக்கும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்த காசை வைத்துக்கொண்டு வீட்டில் காத்திருப்பவர்கள் பலர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர் ஒருவர்,
திருச்சி