மேடையேறக் காத்திருக்கும் நாடகத்துக்கு ஒரு கை கொடுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

ஐந்து மாதமாக ஞாயிறுதோறும் பதினான்கு பேர் கூடி ஒரு நாடகத்தை ஒத்திகை பார்த்து வருகிறோம். கதை நடப்பது நடு ஆப்பிரிக்காவில், எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு மலைநாட்டில். அந்த நாட்டுக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. நாடகத்துக்கும் இன்னும் பெயர் முடிவாகவில்லை. அந்த விஷயத்தில் குழு இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறது. இனப்பகையைப் பற்றி நாடகம் போடுகிறவர்களுக்கு இதுவும் வேண்டியதுதான்.

நாடுதான் கற்பனை. கதையின் எலும்பும் சதையும் அதே நடு ஆப்பிரிக்காவில் நிஜமாகவே இருக்கும் புருண்டி என்ற நாட்டிலிருந்து எடுத்தவை. அங்கே ஹூட்டு, டுட்சி, ட்வா என்ற மூன்று இனத்தாரும் பேசுவது ஒரே கிருண்டி மொழி. ஹூட்டுக்கும் டுட்சிக்கும் ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்து வீடு. சோளக் கள் பானையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு நாணல் குழலைப் போட்டு உறிஞ்சுகிற வழக்கமும் இருவருக்கும் பொது. நாடகத்தின் முதல் காட்சி இந்தப் பானைதான். எட்டுப் பேர், எட்டுக் குழல். காட்சிக்குக் காட்சி ஒரு குழல் குறைந்துகொண்டே வரும். யார் எடுத்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

பெல்ஜியர் புருண்டியை ஆண்ட காலத்தில் படிப்பும் பதவியும் டுட்சி மேல்தட்டின் பக்கம் சாய்ந்தன. இரு தரப்பையும் ஒரே கட்சிக்குள் கொண்டுவந்த இளவரசர் லூயி ருவாகசோரே, விடுதலைக்கு ஒன்பது மாதம் முன்பு, 1961 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1965இல் ஹூட்டு அதிகாரிகள் சிலர் நடத்திய கலகம் தோற்றது. அதையே சாக்காக வைத்துப் படையிலிருந்து ஹூட்டுகளைக் களையெடுத்தார்கள். 1972இல் தெற்கே ஒரு ஹூட்டுக் கிளர்ச்சி; பல டுட்சிகள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் படை கொடுத்த பதிலடியில் செத்தவர்கள் ஒரு லட்சம் முதல் மூன்று லட்சம் வரை என்கிறார்கள். தேடிப் பிடித்துக் கொன்றது படித்த ஹூட்டுகளை: ஆசிரியர்கள், எழுத்தர்கள், வகுப்பறையிலிருந்து கூட்டிப்போன மாணவர்கள். புருண்டியர் அந்த வருஷத்தை 'இகிசா' என்கிறார்கள், பேரழிவு என்று பொருள்.

ஆனால் எங்களைத் தூங்கவிடாத வருஷம் 1993. ஜூன் 1 அன்று தேர்தல். மெல்கியோர் இண்டடாயே ஏறக்குறைய 65 சதவீத வாக்குடன் வென்றார். நாட்டின் முதல் ஹூட்டு ஜனாதிபதி. அவர் பிரதமராக அமர்த்தியது டுட்சியான சில்வி கினிகி என்ற பெண்மணியை. தோற்றுப்போன பழைய ஜனாதிபதி புயோயா மரியாதையாக விலகிக்கொண்டார். எல்லாம் சரி, பட்டாளம் மட்டும் டுட்சிகள் கையிலிருந்த பழைய பட்டாளம். அக்டோபர் 21 விடியலில் துருப்புகள் மாளிகையை வளைத்தன. ஜனாதிபதியை முகாமுக்குக் கொண்டுபோய்த் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்திக் கொன்றார்கள். பதவியேற்று 103 நாள்தான் ஆகியிருந்தது. கினிகி பிரெஞ்சுத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். கலகம் சில நாளில் பிசுபிசுத்துப்போனது. அதற்குள் மலைகளில் ஹூட்டுகள் பக்கத்து வீட்டு டுட்சிகளை வெட்டத் தொடங்கியிருந்தார்கள். படை வந்து ஹூட்டுகளைச் சுட்டது. அந்தப் போர் பத்து வருஷத்துக்கு மேல் நீடித்தது. 2000 ஆகஸ்டில் மண்டேலா முன்னிலையில் தான்சானியாவின் அருஷா நகரில் அமைதி ஒப்பந்தம் எழுதியபோது, படையில் எந்த இனமும் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்று சேர்த்தார்கள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் நாடகத்தின் மையம். இரண்டாம் காட்சி முழுவதும் அந்த ஒரு மேசை.

'ஆப்பிரிக்கக் கதை நமக்கெதுக்குப்பா?' என்று போன மாதம் ஒரு பெரியவர் கேட்டார். ஒத்திகைக்கு வாருங்கள் ஐயா என்றோம். வந்தார். குழல் குறைகிற காட்சி முடிந்ததும் எழுந்து வெளியே போய் நின்றார். திரும்பி வந்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தார்.

கணக்குக்கு வருகிறோம். மொத்தச் செலவு 2,40,000 ரூபாய். கையிருப்பு 92,000. நடிக்கிறவர்கள் ஒரு பைசா வாங்கவில்லை. மூன்று ஊர்களில் அரங்க வாடகை, ஒளி, ஒலி, வேன் கூலி ஆகியவற்றுக்கே பெரும்பகுதி போய்விடும். அடுத்த பெரிய செலவு மேளம். புருண்டியின் மேளம் ஒற்றை மரத்தண்டைக் குடைந்து, பசுத்தோல் போர்த்தி, மரமுளை அடித்துச் செய்வது. 'இங்கோமா' என்ற ஒரே சொல் அங்கே மேளத்தையும் குறிக்கும், அரசையும் குறிக்கும். அதனால் வாடகை மேளத்தை வைத்து ஒப்பேற்ற எங்களுக்கு மனமில்லை. ஆசாரி ஒருவர் பலாமரத்தில் நான்கு செய்து தர ஒப்புக்கொண்டிருக்கிறார், ஒன்று 11,000 ரூபாய். எங்களில் மேளம் அடிக்கப்போகிறவர்களில் இருவர் பெண்கள். புருண்டியில் பெண்கள் மேளம் அடிக்க 2017இல் அரசு தடை போட்டது தெரிந்தேதான் அவர்களை வைத்திருக்கிறோம்.

நூறு ரூபாயும் எங்களுக்குப் பெரிதுதான். பணமாக முடியாவிட்டால் பழைய காக்கிச் சட்டை, ஒத்திகை நாளில் ஒருவேளைச் சாப்பாடு, மேடைக்குப் பலகை என்று எதுவானாலும் சரி. அரசியல் கட்சிகளிடமும் சாதிச் சங்கங்களிடமும் வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு. வரவு செலவை நாடகம் முடிந்த பதினைந்தாம் நாள் நூலக வாசலில் ஒட்டுவோம். மிச்சப்பட்டால் அந்த நூலகத்துக்கே.

பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை முதல் அரங்கேற்றம். ஒத்திகை ஞாயிறு மாலை 4 மணிக்கு, நூலகத்தின் பின்கட்டில். பொருளாளர் அங்கேயே ரசீதுப் புத்தகத்தோடு இருப்பார். தோல் போர்த்திய பிறகு மேளம் நிழலில் மூன்று வாரமாவது காய வேண்டுமாம். அதனால் ஆசாரிக்குக் கார்த்திகை பிறப்பதற்குள் முன்பணம் கொடுத்தாக வேண்டும்.

இப்படிக்கு,
நாடகக் குழுவினர்