கொதித்தாறிய தண்ணீர்

கனகராயன்குளம்
மாசி, ஞாயிறு இரவு

அன்பின் மச்சாளுக்கு,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. அறுவடை நேரம், ஆறுதலாக இருந்து எழுதலாம் என்று எடுத்து வைத்தேன். ஆனால் மூன்றாம் பக்கத்தின் அடியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே ஒரு வரி, அதற்குப் பிறகு எடுத்து வைக்க மனம் வரவில்லை. பீனிசத் தலையிடிக்கு மூக்குக் கழுவத் தொடங்கியிருக்கிறாய், குழாயில் இளஞ்சூடாகத் தண்ணீர் பிடித்து உப்புப் போட்டு அப்படியே ஊற்றுகிறாய், சுகமாக இருக்கிறது என்கிறாய்.

கழுவுவது நல்லது, விடாதே. குழாய்த் தண்ணீரை மட்டும் இன்றோடு நிறுத்து. கொதித்தாறிய தண்ணீர்தான் மூக்குக்குள் போகவேண்டும். எழும்பிப் போய் கேத்திலை வைத்துவிட்டு வா. தண்ணீர் ஆறுகிற நேரத்தில் மிச்சத்தை வாசிக்கலாம்.

ரொறொன்ரோத் தண்ணீரைக் குழாயில் இருந்தே குடிக்கலாமே என்று நீ சொல்லுவாய். குடி. குடித்தால் வயிற்றில் இருக்கிற அமிலம் பார்த்துக்கொள்ளும். மூக்கின் உச்சியில் அப்படி ஒரு காவல் இல்லை. மணம் அறிகிற நரம்பு அரிதட்டுப் போன்ற ஒரு மெல்லிய எலும்பின் ஓட்டைகளுக்குள்ளால் நேரே மூளைக்குப் போகிறது. நெக்லேரியா என்று ஒரு அமீபா இருக்கிறது. சூடான நன்னீரில் வாழ்வது. குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கால் ஏறினால் அந்த நரம்பு வழியே மூளைக்குப் போய்விடும். பிடித்தால் தப்பியவர்கள் மிக அருமை. 2011இல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்தில் இரண்டு பேர் இறந்தது நீ செய்கிற அதே வேலையால்தான். வீட்டுக் குழாய்த் தண்ணீரில் மூக்குக் கழுவியவர்கள் அவர்கள். கேரளத்தில் 2024இலும் 2025இலும் குளத்திலும் கிணற்றிலும் குளித்தவர்களுக்கு இந்த அமீபாக் காய்ச்சல் வந்து பத்திரிகையெல்லாம் அதே பேச்சு. மிக அரிதாக வருகிற நோய், அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு கேத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அந்தப் பயமே இல்லை என்னும்போது ஏன் அந்த அரிதுக்கு இடம் கொடுப்பான்?

அதுவும் நீ கொதித்தாறிய தண்ணீரில் வளர்ந்த பிள்ளை. 1996இல் கிளிநொச்சியில் இருந்து ஓடிவந்து அக்கராயனில் அடுத்தடுத்த கொட்டில்களில் இருந்தோமே, நினைவிருக்கிறதா? வயிற்றோட்டமும் செங்கண்மாரியும் கொட்டில் கொட்டிலாக நடந்த காலம். உன் அம்மா மூன்று கல் அடுப்பில் பாலை விறகு வைத்துத் தண்ணீர் கொதிக்க வைப்பா. அந்தத் தண்ணீரில் புகை மணக்கும், நாங்கள் குடிக்கமாட்டோம் என்று அடம் பிடிப்போம். வாய்க்கால் பக்கம் ஓடி ஒளித்துக் குடிக்கப் போய் நீ வாங்கிய அடி எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. குமிழி மேலே மேலே எழும்பிப் புரளத் தொடங்கிய பிறகும் அம்மா உடனே இறக்கமாட்டா. கொஞ்சம் பொறு, கொஞ்சம் பொறு என்று நிற்பா. இப்போது சுகாதாரத்துறையினர் சொல்கிற கணக்கும் அதுதான். நன்றாகப் புரண்டு கொதித்து ஒரு நிமிடம் நிற்கவேண்டும். வடிகட்டி பூட்டிய ஜக்கில் விட்ட தண்ணீர் போதுமே என்று நினைத்துவிடாதே, சாதாரண வடிகட்டி இந்த வேலைக்குக் காணாது.

சரி, இனி என் கதை. உனக்கு நான் இதை முன்பு எழுதவில்லை, எழுதினால் நீ அங்கே இருந்து கவலைப்படுவாய் என்று.

எனக்கு இது தொடங்கி நாலு வருடம். வருடா வருடம் இந்த மாசியில்தான். காலபோக வெட்டு நடக்கும், மெசின் வயலுக்குள் இறங்கினால் பதரும் நெல்லுச் சுனையும் புகை மாதிரி எழும்பும். அது கழுத்தில் பட்டால் சொறி, மூக்கில் பட்டால் தும்மல். மெசின் போன பிறகு வைக்கல் தூசி. பள்ளிக்கூடத்துக்குப் போகிற கிறவல் றோட்டில் உழவு மெசின் ஒன்று முன்னால் போனால் சிவப்புத் தூசிக்குள் நான் பின்னால் சைக்கிளில். வகுப்புக்குள் போனால் வெண்கட்டித் தூள். இரவில் தலையைக் குனிந்தால் கன்னத்து எலும்புக்குள் ஒரு கல் உருண்டு விழுகிற மாதிரி வலி. மேற்பல் முழுக்க நோகும். நெற்றிக்குள் பாரம். மணம் அறவே போய்விட்டது. மீன் கருகினதுகூட அவர் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

நொச்சி இலை போட்டு வேது பிடித்தேன், அந்த நேரத்துக்கு நன்றாகத்தான் இருக்கும், விடிய பழையபடி. பாமசியில் மூக்குக்குச் சொட்டு மருந்து ஒன்று தந்தார்கள். விட்டு ஐந்து நிமிடத்தில் மூக்கு வெட்டவெளி மாதிரித் திறந்தது. கடவுளே என்று இருந்தது. அந்த மருந்தை மூன்று நாலு நாளுக்கு மேல் விடக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் ஏழு மாதம் விட்டேன். கடைசியில் மருந்து இல்லாமல் ஒரு இரவு மூச்சு விட முடியாத நிலை. மருந்தே அடைப்பை உண்டாக்கும் என்று பிறகுதான் தெரிந்தது. இடையில் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை எத்தனை சுற்று விழுங்கினேன் என்று கணக்கே இல்லை. அந்த ஏழு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

பிறகு ஒரு நாள் லீவு போட்டு பஸ் ஏறி, காது மூக்கு தொண்டைக் கிளினிக்கில் காத்திருந்து, ஒரு இளம் வைத்தியப் பிள்ளையைக் கண்டேன். அந்தப் பிள்ளை ஒரு கடதாசியில் முகம் கீறிக் காட்டினா. நெற்றியில், கன்னத்தில், கண்ணிடுக்கில், உள்ளே ஆழத்தில் என்று காற்றறைகள் நாலு சோடி. எல்லாவற்றிலும் பெரியது கன்னத்தில் இருப்பது. அந்த அறையின் வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது. அதாவது சளி தானாக வழிந்து வெளியே வர வழியே இல்லை, கிணற்றுத் தண்ணீர் போல மேலே ஏற்றித்தான் எடுக்கவேண்டும். அறைச் சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் நின்று, இரவு பகலாகத் துலா மிதிக்கிறவர்கள் மாதிரி, சளியை வாசல் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. தூசியும் ஒவ்வாமையும் வாசலை வீங்க வைத்தால், சளி தடித்துப்போனால், அவை களைத்துவிடும். உப்புத் தண்ணீர் செய்வது அவ்வளவுதான்: தூசியைக் கழுவி, தடித்ததை இளக்கி, அந்த மயிர்களுக்கு வேலையை இலேசாக்குகிறது. நோயைக் குணப்படுத்திவிடும் என்று அந்தப் பிள்ளை சொல்லவில்லை. ஒரு ஸ்பிரேயும் எழுதித் தந்து, கழுவிய பிறகு அதை அடிக்கச் சொன்னா. சளி படிந்த இடத்தில் அடித்தால் மருந்து சளியில்தானே படும்.

முதல் நாள் பயந்துதான் செய்தேன். கிணற்றடியில், ஊசி இல்லாத 20 மில்லிலீற்றர் சிறிஞ் ஒன்றோடு. தலையை முன்னுக்குக் குனிந்து, ஒரு பக்கம் சாய்த்து, வாயைத் திறந்து வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மேல் மூக்கில் மெதுவாகத் தள்ளினேன். கண்ணில் நீர் முட்டியது. மூக்கின் பின்னால் ஏதோ குளிர்ந்து நகர்வது போல ஒரு உணர்வு. திடீரென்று மற்ற மூக்கால் வழிந்தது. முதலில் தெளிந்த தண்ணீர். மூன்றாவது சிறிஞ்சில் பழுப்பு நிறத்தில் கோந்து மாதிரி ஒன்று வந்து விழுந்தது. அதற்குள் ஒரு நெல்லுமி. பொய் சொல்லவில்லை மச்சாள், உமி ஒன்று முழுசாக. எத்தனை நாள் அதற்குள் கிடந்ததோ. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஒரு கிழமையில் சொட்டு மருந்து இல்லாமல் நித்திரை கொண்டேன். மூன்றாம் கிழமை, ஒரு பின்னேரம், பக்கத்து வீட்டில் வெங்காயம் தாளிக்கிற மணம் வேலிக்கு மேலால் வந்தது. அடுப்படிப் படியில் இருந்து அழுதேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், நீ பயப்படக்கூடாது என்பதற்காக. கழுவி முடித்து அரை மணித்தியாலம் கழித்து எதையாவது எடுக்கக் குனிந்தால் மூக்கால் தண்ணீர் பொலபொலவென்று கொட்டும். எனக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் கொப்பியின்மேல் கொட்டியது. கன்னத்து அறைக்குள் போய் நின்ற தண்ணீர்தான் அது. கழுவியவுடன் நன்றாகக் குனிந்து தலையை இரு பக்கமும் சாய்த்து வடிய விட்டால் குறையும். பலமாகச் சிந்தாதே, காதுக்குள் ஏறும். மெதுவாக ஊது, ஒரு மூக்கையும் பொத்தாமல்.

உப்பின் அளவு: ஒரு லீற்றருக்கு 9 கிராம். ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சேலைனும் அதே கணக்குத்தான். அரை லீற்றருக்கு, தட்டையாக வழித்த முக்கால் தேக்கரண்டி தூள் உப்பு, ஒரு சிட்டிகை அப்பச்சோடா. கண்ணீரின் உப்பு இருக்கவேண்டும், அவ்வளவுதான். எரிந்தால் சிலவேளை உப்புக் கூடியிருக்கும், பெரும்பாலும் குறைந்துதான் இருக்கும். வெறும் தண்ணீர்தான் குளத்தில் மூழ்கி மூக்கில் ஏறினால் எரிகிற மாதிரி எரிக்கும். ஆனையிறவுக் கல்லுப்பை இதற்குப் போடக்கூடாதா என்று அவர் கேட்டார். குழம்புக்கு அதைப்போல ஒன்றும் இல்லை, மூக்குக்கு வேண்டாம், மண்ணும் வேறு உப்புக்களும் கலந்திருக்கும். கடையில் வாங்குகிற அயடீன் உப்பு எனக்குக் கொஞ்சம் காந்தியது. அங்கே அயடீன் இல்லாத சுத்தமான உப்பு கிடைக்கும், அதை வாங்கு.

இங்கே எனக்குத் தண்ணீர்தான் கரைச்சல். எங்கள் கிணற்றின் கடுமை உனக்குத் தெரியும், கேத்திலின் அடியில் வெள்ளைப் படை சிப்பி மாதிரி ஒட்டியிருக்கும். சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து இப்போது எல்லோரும் ஆர்.ஓ. மெசினில் சுத்திகரித்த தண்ணீர்தான் கானில் எடுக்கிறோம். நானும் அதையே கொதிக்க வைத்து, மூடி ஆறவைத்து எடுக்கிறேன். கூரைமேல் கறுப்புத் தாங்கியில் வெயிலில் காய்ந்து தானே சூடாகி வருகிற தண்ணீரைப் பார்க்கும்போதெல்லாம் உன் இளஞ்சூட்டுக் குழாய்த் தண்ணீர்தான் இந்த இரண்டு நாளும் நினைவுக்கு வருகிறது. மூக்குக் கழுவுகிற போத்தலையும் அதே கொதித்தாறிய தண்ணீரால் கழுவிக் கவிழ்த்துக் காயவை. உன்னுடையதை வேறு ஒருவருக்கும் கொடுக்காதே. கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்கு.

இரண்டு மூக்கும் இறுக அடைத்திருக்கும்போதும் காது நோகும்போதும் கழுவாதே. கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை மங்கினால், காய்ச்சலோடு தலையிடி கூடினால் உடனே வைத்தியரிடம் போ. ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமாகச் சளி வந்தாலும் காட்டவேண்டும். எங்கள் பெரியம்மா ஒரு வருடமாக அப்படி அவதிப்பட்டா. கடைசியில் அது பல்லால் வந்தது. மேல் கடைவாய்ப் பல்லின் வேர் கன்னத்து அறையின் தரையைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது, பல் பழுதானால் சீழ் அங்கே போய்விடும். பல்லைப் பிடுங்கிய பிறகுதான் சுகம் கண்டா.

பழைய ஆட்களுக்கு மூக்குக் கழுவுவது புதிதில்லை. யோகக்காரர் இதை நேதி என்று ஆறு கிரியைகளில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். நாங்கள்தான் ஊரில் ஒருவரும் செய்யக் காணவில்லை.

வேறு புதினம் என்றால், வயல் இந்த முறை பரவாயில்லை. பூக்கிற நேரத்து மழை கொஞ்சம் கெடுத்தது, என்றாலும் கடன் போக வீட்டுக்கு அரிசி மிஞ்சும். சின்னவன் சாதாரண தரம் எழுதிவிட்டு இருக்கிறான், அவனுக்கும் தும்மல், அவனும் இப்போது என்னோடு கிணற்றடியில் நிற்கிறான். பாலைப் பழக் காலத்துக்கு வருவேன் என்று போன வருடம் எழுதினாய். இந்த வருடமும் மரம் அதே இடத்தில்தான் நிற்கிறது.

அம்மா உன்னோடு இருப்பது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இந்தக் கடிதத்தை அவவுக்கு வாசித்துக் காட்டு. நீ பஞ்சிப்பட்டாலும் அவ கேத்திலை வைத்துவிடுவா. குமிழி எழும்பின பிறகும் கொஞ்சம் பொறு என்று சொல்லிக்கொண்டு நிற்பா.

எப்போதும் உன்
மச்சாள்